தாயற்ற பூனைக்குட்டிக்குப் பால் மட்டும் போதுமா?

கெடா மாநிலத்தின் தென்பகுதியில் லூனாஸ், பாடாங் செராய், கூலிம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்துள்ள தோட்டங்களில் வாழும் நம் மக்களுக்குப் பூனை புதிய பிராணியன்று. லயத்து வீடுகளின் அடுப்பங்கரையிலும், விறகுக் கொட்டகையிலும், ஒட்டுப்பால் மூட்டைகள் அடுக்கிய மூலையிலும் அது உரிமையோடு குடியிருந்து வருகிறது. அரிசி மூட்டையை எலியிடமிருந்து காப்பது அதன் தொழில். அத்தொழிலுக்கு அது கேட்கும் கூலியோ ஒரு பிடிச் சோறும் ஒரு துண்டு மீனுமேயாகும்.

இத்தகைய பூனை, குட்டிகளை ஈன்ற சில நாள்களில் சாலையில் லாரியில் அடிபட்டோ, நாய் கடித்தோ, பாம்பு தீண்டியோ இறந்துபோவதுண்டு. கண் திறவாத குட்டிகளின் மெல்லிய கத்தலைக் கேட்டுப் பிள்ளைகள் அவற்றை வீட்டிற்கு எடுத்து வருகின்றனர். பெரியோரும் இரக்கப்பட்டுப் பால் புகட்டுகின்றனர். ஆயினும், இரண்டு மூன்று நாள்களில் குட்டிகள் வயிறு வீங்கி இறந்துவிடுகின்றன. ‘தாயில்லாக் குட்டி பிழைக்காது’ என்று கூறி மனத்தைத் தேற்றிக் கொள்கிறோம்.

நாம் ஆசிரியப் பணியில் இருந்த நாளில், மாணவர் சிலர் இவ்வாறான குட்டியொன்றைப் பிஸ்கட் டின்னில் வைத்து வகுப்பறைக்குக் கொண்டு வந்தனர். நாமும் துணித்திரியால் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டினோம். அது ஆவலோடு குடித்தது. அதைக் கண்டு அனைவரும் மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் அதன் வயிறு பறைபோல் உப்பிற்று. மறுநாள் காலையில் அது இறந்து கிடந்தது. “வயிறு நிறையப் பால் கொடுத்தோமே சார், ஏன் செத்துப் போச்சு?” என்று ஒரு மாணவன் கேட்டான். அன்று நம்மிடம் விடை இல்லை.

அவனுக்குக் கூறியிருக்க வேண்டிய விடை எளியது. தாய்ப்பூனை தன் குட்டிக்குப் பால் மட்டும் கொடுப்பதில்லை, சூட்டையும் கொடுக்கிறது. அதற்கும் மேலாக, குட்டி சிறுநீரும் மலமும் கழிப்பதற்கு அதுவே துணை செய்கிறது. பால் கொடுத்த நாம் மற்ற இரண்டையும் செய்யவில்லை. அவற்றைப் பற்றியே இக்கட்டுரையில் விளக்க விழைகிறோம்.

உண்மையில் தாயற்ற குட்டிதானா?

தனியே கிடக்கும் குட்டிகள் யாவும் தாயை இழந்தவை என்று எண்ணிவிடலாகாது. தாய்ப்பூனை இரை தேடிச் சில மணி நேரம் வெளியே சென்றிருக்கலாம். அல்லது மழைக்கு அஞ்சி, குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறிடத்திற்கு மாற்றிக் கொண்டிருக்கலாம். ஆதலால், குட்டிகள் உலர்ந்த இடத்தில், கதகதப்பாக, அமைதியாக உறங்குமாயின், அவற்றை உடனே எடுத்துவிடாமல் தொலைவில் நின்று சில மணி நேரம் கவனித்தல் வேண்டும். மனிதர் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்னும் நம்பிக்கை பெரும்பாலும் உண்மையன்று.

குட்டிகள் நனைந்தோ, குளிர்ந்தோ, எறும்பு மொய்த்தோ கிடந்தால் காத்திருத்தல் கூடாது. தாய் இறந்ததை நேரில் கண்டிருந்தாலும் உடனே எடுத்துப் பேண வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்றை நினைவூட்டுவோம். அக்கம்பக்கத்து லயத்தில் அண்மையில் குட்டி ஈன்ற வேறு பூனை இருக்குமாயின், அதுவே இக்குட்டிக்குச் சிறந்த செவிலித்தாய். அப்பூனையின் குட்டிகள் படுத்திருந்த துணியால் புதிய குட்டியை மெல்லத் துடைத்து, அவற்றின் நடுவே விட்டுப் பாருங்கள். பல தாய்ப்பூனைகள் பிற குட்டியையும் நக்கி, அணைத்து, பாலூட்டும். சீறினாலும் அடித்தாலும் குட்டியை உடனே எடுத்துவிடுங்கள். ஏற்றுக் கொண்டால், கீழே நாம் கூறப்போகும் வேலைகள் அனைத்தையும் அத்தாயே செய்துவிடும்.

வயதை அறிதல்

பிறந்த பூனைக்குட்டியின் எடை ஏறத்தாழ 100 கிராம். கண்கள் மூடி, காதுகள் தலையோடு மடிந்திருந்தால், அதன் வயது ஒரு வாரத்திற்குட்பட்டது எனக் கொள்ளலாம். 7 முதல் 14 நாள்களுக்குள் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் காதுகள் நிமிர்ந்து நிற்கும். தள்ளாடி நடக்கவும் தொடங்கும். முன்பற்கள் முளைப்பதும் அப்பொழுதே. எத்தனை முறை பால் கொடுப்பது, எத்தனை நாள் கழிவு நீக்க உதவுவது ஆகிய இரண்டும் வயதைப் பொறுத்தே அமைவதால், இவ்வடையாளங்களை நினைவிற் கொள்க.

முதலில் சூடு, பிறகே பால்

குளிர்ந்திருக்கும் குட்டிக்குப் பால் புகட்டுதல் பெருந்தவறு. உடல் குளிர்ந்தபோது குடலின் இயக்கம் மந்தமாகிவிடும். உட்சென்ற பால் செரியாமல் தங்கிக் கெடும். முதல் வாரத்துக் குட்டிக்கு நடுங்கித் தன்னைச் சூடேற்றிக் கொள்ளும் ஆற்றலும் இல்லை.

நம் நாடு வெப்ப நாடாயிற்றே என்று ஐயுற வேண்டா. முதல் வாரத்தில் குட்டியைச் சுற்றி 29 முதல் 32 பாகை செல்சியஸ் வெப்பம் இருத்தல் நலம். லூனாஸ் வட்டாரத்தில் நண்பகலில் அவ்வளவு வெப்பம் இருக்கலாம். ஆனால், மழை பெய்த இரவிலும், நாம் வெட்டுக்குப் புறப்படும் வைகறையிலும் அவ்வளவு இராது. சிமெண்டுத் தரையில் கிடக்கும் குட்டி விரைவில் குளிர்ந்துவிடும்.

அட்டைப் பெட்டியொன்றில் பழந்துணியை விரித்து, வெந்நீர் நிரப்பி நன்கு மூடிய புட்டியைத் துண்டில் சுற்றி ஒரு பக்கத்தில் வையுங்கள். மறுபக்கம் சூடின்றி இருக்கட்டும். சூடு மிகுந்தால் குட்டி நகர்ந்து கொள்ளும். வெந்நீரை மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அடுப்பின் அருகே வைத்தலும் வெயிலில் காயவைத்தலும் வேண்டா. நனைந்த குட்டியை நன்கு துவட்டி, நெஞ்சோடு அணைத்துச் சிறிது சிறிதாகச் சூடேற்றுவதே முறை.

பால் மணத்திற்கு எறும்பு வருவது தோட்டத்தில் தவிர்க்க முடியாதது. பெட்டியைச் சிறு மேசைமீது வைத்து, மேசைக் கால்களின் கீழ் நீர் நிரப்பிய பழைய பால் மங்குகளை வைத்தால் எறும்பு ஏறாது.

எந்தப் பால்? எவ்வளவு?

தேநீருக்குப் பயன்படும் இனிப்பு டின் பால் குட்டிக்கு ஆகாது. பசும்பாலும் ஏற்றதன்று. பூனைப் பாலோடு ஒப்பிடுகையில் பசும்பாலில் புரதமும் கொழுப்பும் குறைவு. குட்டிக்கு வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். பூனைக்குட்டிகளுக்கெனவே செய்யப்படும் பால்மாவு, கூலிம் போன்ற நகரங்களில் வளர்ப்புப் பிராணிக் கடைகளிலும் கால்நடை மருத்துவரிடமும் கிடைக்கும். பெட்டியில் குறித்துள்ள அளவுப்படி, கொதித்து ஆறிய நீரில் அதைக் கலக்க வேண்டும். இரவில் குட்டி கிடைத்து, கடை திறக்கும்வரை காத்திருக்க நேர்ந்தால், உடல் சூடேறிய பின்னர், குளுக்கோஸ் சிறிது கலந்த இளஞ்சூட்டு நீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துச் சமாளிக்கலாம். அது சில மணி நேரத்திற்கு மட்டுமே.

குட்டியின் இரைப்பை மிகச் சிறியது. ஆதலால், சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தலே விதி:

முதல் வாரம்: வேளைக்கு 2 முதல் 6 மில்லிலீட்டர், 2 மணி நேரத்திற்கு ஒருமுறை.
இரண்டாம் வாரம்: வேளைக்கு 6 முதல் 10 மில்லிலீட்டர், 2 அல்லது 3 மணி நேரத்திற்கு ஒருமுறை.
மூன்றாம் வாரம்: வேளைக்கு 10 முதல் 14 மில்லிலீட்டர், 3 அல்லது 4 மணி நேரத்திற்கு ஒருமுறை.
நான்காம் வாரம்: வேளைக்கு 14 முதல் 18 மில்லிலீட்டர், 4 அல்லது 5 மணி நேரத்திற்கு ஒருமுறை.

ஊசி நீக்கிய சிறு பீச்சாங்குழலையோ குட்டிகளுக்கான பால்புட்டியையோ பயன்படுத்துக. கைக்குழந்தையைப்போல் மல்லாத்திப் பால் புகட்டலாகாது. பால் மூச்சுக்குழலில் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். தாயிடம் குடிப்பதுபோல், வயிறு கீழிருக்கக் குப்புற வைத்துத் தலையைச் சற்றே நிமிர்த்திக் கொடுக்க வேண்டும். ஒரேயடியாகப் பீச்சாமல், குட்டி தானே உறிஞ்சும்படி விடுங்கள். குடித்த பின்னர் முதுகை மெல்லத் தட்டிக் காற்றை வெளியேற்றுக.

கழிவு நீக்கம்: நாம் அறியாத கடமை

இனி, இக்கட்டுரையின் தலையாய பகுதிக்கு வருவோம். தாய்ப்பூனை குட்டியின் வாலடியை அடிக்கடி நக்குவதைப் பலரும் கண்டிருப்போம். அது குட்டியைத் தூய்மை செய்கிறது என்றே எண்ணியிருப்போம். தூய்மையும் உண்டு; ஆனால், அதனினும் முக்கியமான காரியம் ஒன்று அங்கே நடைபெறுகிறது. அந்த நாவின் தீண்டுதலே குட்டியைச் சிறுநீரும் மலமும் கழிக்கச் செய்கிறது. பிறந்து முதல் மூன்று வாரங்கள்வரை, குட்டியால் தன் விருப்பப்படி சரிவரக் கழிக்க இயலாது.

இதற்குக் காரணம் என்ன? 1975-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டி குரோட் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் பூனைக்குட்டிகளின் நரம்பு வளர்ச்சியை ஆராய்ந்து இதனை விளக்கினர். குட்டியின் வாலடியைத் தொட்டால், அவ்வுணர்ச்சி முதுகுத்தண்டு வழியாகச் சென்று திரும்பி, சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்கிறது. மூளையிலிருந்து வரும் கட்டளை வழி முதிர முதிர, இப்பழைய வழி மறையத் தொடங்கி, 7 அல்லது 8 வாரங்களில் அடங்கிவிடுகிறது. முதுகுத்தண்டில் காயமுற்ற வளர்ந்த பூனைகளில் அதே வழி மீண்டும் தலைதூக்குவதும் கண்டறியப்பட்டது. மூளையின் ஆட்சி முழுமையடையாத பருவத்தில், தாயின் நாவே கட்டளையிடுகிறது எனலாம்.

இவ்வேற்பாட்டினால் மற்றொரு பயனும் உண்டு. குட்டியின் கழிவைத் தாயே நக்கி உட்கொண்டுவிடுவதால், படுக்கை நனையாது; வாடையும் எழாது. மரநாய், உடும்பு, பாம்பு முதலியன வாடை பிடித்து வந்து குட்டிகளைக் கவர்வதும் குறையும்.

ஆகவே, தாயில்லாக் குட்டிக்கு அந்த நாவின் வேலையை நாம் செய்தாக வேண்டும். செய்யும் முறை வருமாறு:

1. கையைச் சோப்பிட்டுக் கழுவி, பஞ்சையோ மெல்லிய வெள்ளைத் துணியையோ இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து கொள்ளுங்கள். வெள்ளையாயின் சிறுநீரின் நிறம் நன்கு தெரியும்.

2. குட்டியைத் துண்டின்மீது நிறுத்தியோ, உள்ளங்கையில் ஏந்தியோ, வாலை மெல்லத் தூக்கிப் பிடியுங்கள்.

3. வாலடியில் உள்ள இரு துவாரங்களின்மீதும் ஈரத்துணியால் மெல்லத் தட்டியும் வட்டமாக வருடியும் விடுங்கள். தாயின் நா எவ்வளவு மென்மையோ, அவ்வளவு மென்மை போதும். அழுத்தித் தேய்த்தால் தோல் புண்ணாகும். வயிற்றைப் பிசைந்து அமுக்குதல் கூடவே கூடாது.

4. சில நொடிகளில் சிறுநீர் வரத் தொடங்கும். அது நிற்கும்வரை வருடுதலைத் தொடருங்கள். மலம் வரச் சற்றுக் காலம் ஆகலாம். ஏறத்தாழ ஒரு நிமிடம் முயன்று பார்த்து, வராவிடில் அடுத்த வேளைக்கு விடுங்கள்.

5. முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் தங்கினால் தோல் வெந்து சிவக்கும். குட்டி குளிர்ந்தும் போகும்.

பால் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் இதனைச் செய்தல் வேண்டும். நள்ளிரவு வேளைக்கும் விலக்கில்லை. பாலுக்கு முன்னரோ பின்னரோ, குட்டிக்கு இசைந்தபடி செய்யலாம். சிறுநீர் ஒவ்வொரு முறையும் வரும். மலம் நாளொன்றுக்கு ஒருமுறையேனும் வருதல் நலம்.

கழிவு கூறும் செய்தி

கழிவைக் காண அருவருப்புக் கொள்ளலாகாது. வாய் பேசாத குட்டியின் நலத்தை அது நமக்கு அறிவிக்கிறது. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருப்பது நலம். அது கருமஞ்சளாயின், உடலில் நீர் குறைந்துள்ளது என்று பொருள். மலம் மஞ்சளோ பழுப்போ கலந்த நிறத்தில், மென்மையாக உருவோடு இருத்தல் வேண்டும். நீராகப் போனாலும், வெள்ளைத் தயிர்போல் இருந்தாலும், பால் அளவுக்கு மிஞ்சியிருக்கலாம், அல்லது நோய் தொற்றியிருக்கலாம்.

இரண்டு நாளாக மலம் வராமல் வயிறு கெட்டியாக உப்பியிருத்தல், சிறுநீர் அறவே வராமை, இரத்தம் காணுதல், பால் மூக்கு வழியே வருதல், ஓயாது கத்துதல், துவண்டு கிடத்தல் ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை நாட வேண்டும். இத்துணைச் சிறிய உயிர்க்கு ஒரு பகற்பொழுதே நெடுங்காலம். சமையலறைத் தராசில் குட்டியை நாள்தோறும் நிறுத்து எழுதி வைப்பது நல்ல பழக்கம். நாளொன்றுக்கு 10 கிராமேனும் கூடி வந்தால் கவலையில்லை.

வீட்டு மருந்து எதையும் கொடுத்துவிடாதீர்கள். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமோல் மாத்திரையின் ஒரு துண்டே பூனையைக் கொன்றுவிடும். தெள்ளுப்பூச்சிக்கு நாய்ப் பவுடரோ மண்ணெண்ணெயோ பூசுவதும், பெட்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவுவதும் ஆபத்தானவை. சோப்பும் வெந்நீரும் போதும்.

வெட்டுக்குச் செல்லும் குடும்பத்தார் என் செய்வது?

கணவனும் மனைவியும் விடியுமுன் வெட்டுக்குச் சென்று, பால் சேர்த்து நிறுத்துக் கொடுத்து, நண்பகல் கடந்து திரும்பும் வீட்டில், இரண்டு மணிக்கொரு முறை குட்டியைப் பேணுவது எளிதன்று. இதனை நாம் அறிவோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் குட்டிக்குக் காவல் வைப்பதும் முறையன்று.

வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருக்கும் பாட்டி, தாத்தாவிடம் காலை வேளையை ஒப்படைக்கலாம். மாலையைப் பிள்ளைகளும், இரவைப் பெற்றோரும் பகிர்ந்து கொள்ளலாம். பெரியவரிடம் குட்டியைக் கொடுக்கும்பொழுது பால்புட்டியை மட்டும் கொடுத்துவிட்டுச் செல்லாமல், துணியையும் கையில் கொடுத்து, செய்யும் முறையை ஒருமுறை செய்து காட்டுங்கள். ஒருவர் செய்தார் என்று மற்றவர் எண்ணி விட்டுவிடாதிருக்க, பால் கொடுத்த நேரம், சிறுநீர், மலம் ஆகிய மூன்றையும் பிள்ளைகள் ஒரு தாளில் குறித்து வரட்டும். அது அவர்களுக்கும் நல்ல பயிற்சி.

மணல் தட்டுப் பழக்கம்

மூன்றாம் வாரத்தின் இறுதியில், குட்டி தானாகவே படுக்கையில் சிறுநீர் கழித்திருப்பதைக் காண்பீர்கள். அதனைக் குற்றமாகக் கருதாமல், வளர்ச்சியின் அடையாளமாகக் கொள்க. அப்போதும் துணியை உடனே நிறுத்திவிடாமல், குட்டி நன்கு தானே கழிக்கும்வரை, அதாவது ஏறத்தாழ நான்காம் வாரம்வரை, உதவி வாருங்கள்.

இந்நாளில் விளிம்பு தாழ்ந்த தட்டு ஒன்றையோ, 3 செண்டிமீட்டர் உயரத்திற்கு வெட்டிய அட்டைப் பெட்டியையோ எடுத்து, உலர்ந்த ஆற்று மணலையோ கிழித்த செய்தித்தாளையோ பரப்புங்கள். நீர் பட்டால் கட்டியாகும் கடைத் துகளைச் சிறு குட்டிக்கு இடவேண்டா. வாயில் போட்டுக் கொண்டால் குடலை அடைக்கக்கூடும். குட்டியைத் துடைத்த துணியில் ஒரு துண்டை அதில் வைத்தால், மணத்தால் இடத்தை அறிந்து கொள்ளும். உண்ட பின்னும், உறங்கி எழுந்த பின்னும் குட்டியை அதில் விடுங்கள். மணலைப் பறிப்பதும் மூடுவதும் அதன் இயல்பிலேயே உள்ளன. தவறான இடத்தில் கழித்ததற்காக அடிப்பதும், மூக்கை அதில் தேய்ப்பதும் பயன் தாரா. குட்டி மனிதரைக் கண்டு அஞ்சவே கற்கும்.

நம் குடும்பத்தின் நலம்

பூனையின் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி இருக்கக்கூடும். கருவுற்ற பெண்களுக்குத் தொற்றினால் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கவல்லது அது. புதிய மலத்தில் உள்ள இக்கிருமி தொற்றும் தன்மை பெற ஒன்று முதல் ஐந்து நாள்கள் ஆகும். ஆதலால், தட்டை நாள்தோறும் தூய்மை செய்தாலே பெரும்பகுதி அச்சம் நீங்கும். கருவுற்றவர்கள் அவ்வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவதே நன்று. குட்டியைத் தொட்டவர் யாவரும் உண்ணுமுன் கை கழுவ வேண்டும்.

மற்றுமோர் எச்சரிக்கை. 2015-ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதை மறந்துவிடலாகாது. நாயோ பூனையோ கடித்தால் புண்ணை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்க.

பிழைத்த குட்டியின் எதிர்காலம்

பூனையின் அருமை இல்லாதபோதே தெரியும். 1960-ஆம் ஆண்டில், சரவாக்கின் பாரியோ மேட்டுநிலத்தில் எலித் தொல்லை மிகுந்தபோது, சாலை வசதியற்ற அவ்விடத்திற்கு விமானப்படையினர் பூனைகளைக் கூடையிலிட்டு வான்குடை வழியாக இறக்கினர். நமக்கோ அது வாசலிலேயே வந்து கிடைக்கிறது.

எனினும், பேண இயலாத அளவு பெருகுவதும் துன்பமே. பெட்டைப் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். ஏறத்தாழ 65 நாளில் குட்டி ஈனும். உரிய வயதில் கருத்தடை செய்வித்தால், ஆதரவற்ற குட்டிகள் மேலும் தோன்றாமல் தடுக்கலாம். குடற்புழு மருந்து, தடுப்பூசி, கருத்தடை ஆகியவை பற்றிக் கூலிம் மாவட்டக் கால்நடை மருத்துவச் சேவை அலுவலகத்தில் கேட்டறியலாம். விலங்குகளைக் கொடுமைப்படுத்துவோர்க்கு 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

எவ்வளவு கருத்தோடு பேணினும் எல்லாக் குட்டிகளும் பிழைத்துவிடும் என்று நாம் உறுதி கூறுவதற்கில்லை. பிறவியிலேயே நலிந்தவை உண்டு. ஆனால், அறியாமையால் ஒரு குட்டி இறத்தல் வேண்டா. அடுத்த மழைக்காலத்தில் உங்கள் பிள்ளை நனைந்த குட்டியொன்றைச் சட்டைக்குள் அணைத்துக் கொண்டு வாசலில் வந்து நின்றால், முதலில் அதற்குச் சூடு கொடுங்கள். பிறகு பால் கொடுங்கள். பால்புட்டியின் பக்கத்திலேயே ஈரத்துணியையும் எடுத்து வையுங்கள். ‘ஏன் செத்துப் போச்சு?’ என்று கேட்க வேண்டிய நிலை அப்பிள்ளைக்கு வாராதிருக்கட்டும்.